டிவி வாங்கும்முன் கறுப்பைப் பாருங்கள்

கடையில் வரிசையாக மாட்டியிருக்கும் டிவிகள் எல்லாவற்றிலும் பூவும் பழமும் வண்ணப் பறவையும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மாதிரிப் படத்தில் எந்த டிவியும் அழகாகத்தான் தெரியும். உண்மையான வித்தியாசம் தெரிவது இரவு ஒன்பது மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டு ஒரு படம் போட்டு, இருட்டறைக்குள் ஒருவர் நுழையும் காட்சி வரும்போது. ஒரு டிவியில் அறை கறுப்பாக இருக்கும். மூலையில் நிற்பவரின் சட்டை மடிப்புகூடத் தெரியும். இன்னொன்றில் திரை முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் வெளிறியிருக்கும். மூலையில் ஆள் நிற்பதே தெரியாது. இரண்டின் அட்டைப்பெட்டியிலும் ‘4கே எச்டிஆர்’ என்றுதான் போட்டிருக்கும்.

அதனால் டிவியை ஒப்பிடும்போது முதலில் கறுப்பைப் பாருங்கள். அடுத்து வெளிச்சம், அப்புறம் அசைவு. புள்ளிக் (பிக்சல்) கணக்கைக் கடைசியில் பார்த்தால் போதும். விற்பனையாளர் சொல்லும் வரிசை பெரும்பாலும் இதற்குத் தலைகீழாக இருக்கும்.

பெயர் பல, வகை இரண்டு

எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி என்று நாலைந்து பெயர் காதில் விழும். அடிப்படையில் இருப்பது இரண்டே வகை: பின்னாலிருந்து விளக்குப் போட்டு முன்னால் மறைப்பது ஒன்று, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது இன்னொன்று.

‘எல்இடி டிவி’ என்று விற்பதெல்லாம் எல்சிடி டிவிதான். திரவப் படிகப் பேனல் தானாக ஒளிராது. பின்னால் எரியும் எல்இடி விளக்கின் ஒளியை அது விடும், அல்லது தடுக்கும். முன்பு அந்த இடத்தில் மெல்லிய டியூப் விளக்குகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு எல்இடி வைத்தபோது பெயரும் மாறியது. ஒளியை எவ்வளவு தடுத்தாலும் கொஞ்சம் கசியும். நாம் சாம்பலாகப் பார்க்கும் ‘கறுப்பு’ அந்தக் கசிவுதான்.

எவ்வளவு கசியும் என்பதைத் தீர்மானிப்பது பேனல். வீட்டு டிவிகளில் வருவது விஏ, ஐபிஎஸ் என்ற இரண்டு வகை. ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம், சுமார் 1000:1. விஏ பேனலில் அது 3000 முதல் 5000 வரை போகும். கணக்காகச் சொன்னால், வெள்ளை 300 நிட்ஸ் (நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) ஒளிரும் ஐபிஎஸ் திரையில் கறுப்பு 0.3 நிட்ஸ் இருக்கும். 5000:1 விஏ திரையில் 0.06. இருட்டு அறையில் இந்த ஐந்து மடங்கைக் கண் உடனே பிடித்துவிடும். ஆனால் விஏ பேனலைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். சோபாவில் இரண்டு பேர் நேராக உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு விஏ. சமையலறை வாசலிலிருந்தும் ஊஞ்சலிலிருந்தும் தரையிலிருந்தும் பார்க்கும் வீட்டில் ஐபிஎஸ் ஒத்துப்போகும். ஒரே மாடலில் 43 அங்குலத்துக்கு ஒரு வகையும் 50 அங்குலத்துக்கு இன்னொரு வகையும் வருவதுண்டு. மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாமல், நீங்கள் வாங்கப்போகும் அளவையே பாருங்கள்.

கியூஎல்இடி என்பதும் எல்சிடியே. நீல எல்இடியின் முன்னால் குவாண்டம் டாட் படலம் ஒன்று இருக்கும். அதனால் சிவப்பும் பச்சையும் தூய்மையாக வரும், நிறம் அடர்த்தியாகும். கறுப்பு இதனால் ஒரு துளியும் மாறாது. கியூஎல்இடி என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன், பின்விளக்கு எப்படி அமைந்திருக்கிறது என்று கேளுங்கள்.

பின்விளக்கு மூன்று விதமாக வரும். ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்தது எட்ஜ் லிட். டிவி மெல்லிசாக இருக்கும், கறுப்பு சுமார்தான். பின்னால் பரவலாக விளக்கு வைத்து எல்லாம் சேர்ந்தே எரிவது டைரக்ட் லிட். விலை குறைந்த டிவிகளில் பெரும்பாலானவை இதுதான். பின்னால் பரவலாக வைத்து, பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைப்பது ஃபுல் அரே லோக்கல் டிம்மிங். மூன்றாவது இருந்தால் இருட்டுக் காட்சியில் இருட்டுப் பகுதியின் விளக்கு தணியும். மினி எல்இடி இதன் வளர்ந்த வடிவம்: விளக்குகள் சிறியவை, எண்ணிக்கை ஆயிரக்கணக்கில், பகுதிகள் சில நூறு முதல் சில ஆயிரம் வரை. ஒரு பகுதிக்குள் பல ஆயிரம் புள்ளிகள் இருப்பதால், கறுப்பு வானத்தில் நிலா வந்தால் அதைச் சுற்றி லேசாக ஒளி பரவும். அதை ப்ளூமிங் என்பார்கள். பகுதிகள் கூடக்கூட அது குறையும்.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்துவிடும். பக்கவாட்டிலும் படம் கெடாது. புள்ளி நிறம் மாறும் வேகமும் எல்சிடியைவிடப் பல மடங்கு அதிகம். எல்ஜி டிஸ்ப்ளே செய்யும் பேனலில் வெள்ளைத் துணைப்புள்ளி ஒன்று கூடுதலாக இருக்கும். சாம்சங் டிஸ்ப்ளேயின் கியூடி ஓஎல்இடி 2022 முதல் டிவிகளில் வருகிறது, அதில் நிறம் இன்னும் அடர்த்தி. ஓஎல்இடியின் குறை இரண்டு. முழுத் திரையும் வெள்ளையாகும்போது, உதாரணமாகப் பகல் வெளிச்சத்தில் எடுத்த மைதானக் காட்சியில், மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்த டிவி தானாக வெளிச்சத்தைக் குறைக்கும். இரண்டாவது குறை, நகராமல் நிற்கும் எழுத்தின் தடம் நாளடைவில் திரையில் பதிவது. நாள் முழுக்கச் செய்தி சேனல் ஓடும் வீட்டில், கீழே ஓடும் சிவப்புப் பட்டையும் மூலையில் நிற்கும் சேனல் சின்னமும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் எரியும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம். வாசல் திறந்து, வெயில் நேராக விழும் ஹாலுக்கும் மினி எல்இடியே நல்லது.

தூரத்தை அளந்த பிறகு அளவு

ஒரு டேப் எடுத்து, உட்காரும் இடத்திலிருந்து சுவர் வரை அளந்துகொள்ளுங்கள். நல்ல பார்வை உள்ளவருக்கு, திரையின் மூலைவிட்ட அளவைப்போல் சுமார் 1.6 மடங்கு தூரத்துக்கு அப்பால் போனால் ஃபுல் எச்டியின் (1920×1080) புள்ளிகளே தனியாகத் தெரியாது. 4கேக்கு (3840×2160) அந்தத் தூரம் அதில் பாதி. 43 அங்குல டிவியில் ஃபுல் எச்டிக்கும் 4கேக்கும் வித்தியாசம் காண ஐந்தரை அடிக்குள் உட்கார வேண்டும். 55 அங்குலத்தில் சுமார் ஏழு அடிக்குள். எட்டு ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்து 43 அங்குலம் பார்ப்பவருக்கு 4கே என்ற எழுத்தால் பயன் அநேகமாக இல்லை. அந்தப் பணத்தில் நல்ல பேனல் வாங்கலாம், அல்லது பெரிய திரை.

படம் கண்ணை நிறைக்கவும் அதே 1.6 மடங்கு ஒரு நல்ல கணக்கு. ஏழரை அடிக்கு 55 அங்குலம், ஒன்பது அடிக்கு 65.

32 அங்குலத்தில் ‘எச்டி ரெடி’ என்று வருவது 1366×768 புள்ளி. எச்டி சேனல் 1920×1080ஆக வரும். அதை இந்தத் திரைக்குள் சுருக்கித்தான் காட்ட முடியும். ஆறு அடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் அது உறுத்தாது. கம்ப்யூட்டர் இணைக்க வேண்டுமானால் 32லும் ஃபுல் எச்டியே எடுங்கள், இல்லாவிட்டால் எழுத்து மங்கலாக விழும்.

கடைக்கு ஒரு பென் டிரைவ்

முந்தின நாளே ஐந்து படம் செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் பெயின்ட் போன்ற எந்த மென்பொருளும் போதும். 3840×2160 அளவில் ஒரே நிறம் நிரப்பி ஜேபெக் ஆகச் சேமியுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்ணையும் 0 வைத்தால் முழுக் கறுப்பு. மூன்றும் 13 என்றால் கறுப்பை ஒட்டிய சாம்பல். மூன்றும் 128 என்றால் நடுச் சாம்பல். மூன்றும் 255 என்றால் வெள்ளை. ஐந்தாவது, கறுப்புத் தளத்தில் நடுவே கட்டைவிரல் அளவு வெள்ளைக் கட்டம். கூடவே நீங்கள் நன்கு அறிந்த ஒரு இருட்டுக் காட்சியும், கேமரா மைதானத்தைத் தடவிக்கொண்டு போகும் ஒரு கிரிக்கெட் காட்சியும் வீடியோவாக எடுத்துப் போங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு எஃப்ஏடி32 முறையில் ஏறாது. பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள்.

கடையில் டிவி ‘ஸ்டோர்’ அல்லது ‘டெமோ’ நிலையில், விவிட் மோடில் இருக்கும். ஹோம் நிலைக்கும், மூவி அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கும் மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கடையில் ஒப்பிட்டுப் பயனில்லை. முடிந்தால் டிவிக்கு நேர் மேலே இருக்கும் விளக்கையாவது அணைக்கச் சொல்லுங்கள்.

முதலில் வெள்ளைக் கட்டம். கட்டத்தின் மேலும் கீழும் திரை முழுக்க ஒரு பட்டை வெளுத்தால் அது எட்ஜ் லிட். கட்டத்தைச் சுற்றி மட்டும் ஒளி பரவினால் பகுதி விளக்கு வேலை செய்கிறது. எங்கும் ஒரே சீராகச் சாம்பலாக இருந்தால் லோக்கல் டிம்மிங் இல்லை. சுற்றிலும் ஒன்றுமே இல்லாமல் கட்டம் மட்டும் மிதந்தால் ஓஎல்இடி.

அடுத்து 45 பாகை ஒதுங்கி நின்று இருட்டுக் காட்சியைப் பாருங்கள். நேரில் நன்றாக இருந்த கறுப்பு பக்கவாட்டில் பால் கலந்ததுபோல் வெளிறினால் விஏ. பக்கவாட்டில் நிறம் நிலையாக இருந்து, நேரில் பார்க்கும்போதே மூலைகள் வெளிச்சமாகத் தெரிந்தால் ஐபிஎஸ்.

நடுச் சாம்பல் படத்தில் அழுக்குத் துணியால் துடைத்ததுபோல் திட்டுத் திட்டாகவும் செங்குத்துக் கோடாகவும் தெரிகிறதா என்று தேடுங்கள். எல்சிடியில் இது கொஞ்சமாவது இருக்கும். எப்போது சகிக்க முடியாது என்பதற்கு அந்தக் கிரிக்கெட் காட்சிதான் சாட்சி: கேமரா பந்தைத் துரத்திப் போகும்போது பச்சைப் புல் நகரும், திட்டு மட்டும் கண்ணாடியில் ஒட்டிய கறைபோல் நின்ற இடத்தில் நிற்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் ஒவ்வொரு பவுண்டரிக்கும் அது கண்ணில் படும். திரையின் நடுவில் அப்படித் தெரியும் டிவியை எடுக்காதீர்கள். இந்தக் குறை ஒரே மாடலிலும் டிவிக்கு டிவி மாறும் என்பதால், வீட்டுக்கு வரும் பெட்டியையும் இதே படங்களை வைத்துச் சோதிக்க வேண்டும். நிறுவ வந்தவர் கிளம்புமுன் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் போட்டுச் செத்த புள்ளியும் தேடுங்கள். ஓரிரு புள்ளியைப் பல நிறுவனங்கள் குறையாக ஏற்பதில்லை. மாற்றித் தரக் கேட்க முதல் சில நாட்களே வாய்ப்பு.

மூன்று எண்ணும் 13 ஆன படம் ஓஎல்இடிக்கானது. மெல்லிய செங்குத்துக் கோடுகள் லேசாகத் தெரிந்தால் இயல்பு. ஓடும் படத்திலும் தெரிந்தால் வேண்டாம்.

எச்டிஆர் எழுத்தும் ஹெர்ட்ஸ் எண்ணும்

எச்டிஆர் என்பது இருட்டையும் பிரகாசத்தையும் விரிந்த வரம்பில் காட்டும் முறை. எச்டிஆர் படங்களை 1000 அல்லது 4000 நிட்ஸ் உச்சத்துக்குத் தயாரிக்கிறார்கள். 300 நிட்ஸ் கூட எட்டாத டிவி அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும், பெட்டியில் ‘எச்டிஆர்10’ என்றும் போட்டுக்கொள்ளும். ஆனால் அத்தனை வெளிச்சத்தையும் தன் சிறிய வரம்புக்குள் அமுக்குவதால் முழுப் படமும் மங்கும். ‘எச்டிஆர் போட்டால் டிவி இருட்டாகிறது’ என்ற புகாரின் காரணம் இதுதான். குறைந்தது 600 நிட்ஸும் லோக்கல் டிம்மிங்கும் இருந்தால் எச்டிஆருக்காகக் காசு கொடுக்கலாம்; ஓஎல்இடிக்குக் கறுப்பு ஆழமாக இருப்பதால் அதே அளவு வெளிச்சமும் இன்னும் துடிப்பாகத் தெரியும். எச்டிஆரின் இன்னொரு வகையான டால்பி விஷன் இருப்பது நல்லது. 300 நிட்ஸ் பேனலில் அதுவும் ஒன்றும் செய்துவிடாது.

‘மோஷன் ரேட் 100’, ‘200’ என்ற எண்கள் மென்பொருளைச் சேர்த்துச் சொல்லும் கணக்கு. பேனலின் உண்மையான ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது, 60ஆ 120ஆ என்று கேளுங்கள். சினிமா நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்). 60ஐ 24 மீதியின்றி வகுக்காது. ஒரு சட்டம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படுவதால் கேமரா மெதுவாக நகரும் காட்சி தட்டித் தட்டிப் போகும். 120ஐ 24 மீதியின்றி வகுக்கும், ஒவ்வொரு சட்டமும் சரியாக ஐந்து முறை வரும். விளையாட்டும் வீடியோ கேமும் முக்கியமென்றால் 120 ஹெர்ட்ஸ் எடுங்கள். சீரியலும் செய்தியும் பார்க்க 60 தாராளம்.

டிவியைக் குறை சொல்லுமுன் சிக்னல்

புது டிவியில் படம் மங்கல் என்று வரும் பல புகார்களின் காரணம் டிவியில் இல்லை. சாதாரண சேனல் அதிகபட்சம் 720×576 புள்ளி. 4கே திரையில் இருப்பது அதைப்போல் சரியாக 20 மடங்கு. அனுப்பிய ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு இருபது புள்ளியை டிவி ஊகித்து நிரப்புகிறது. தமிழக அரசு 2006இல் கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல இலவச கலர் டிவியில் இதே சேனல் தெளிவாகத் தெரிந்ததற்குக் காரணம், திரை சின்னதாக இருந்ததும் அந்தப் படக்குழாய் இந்த அளவுக்கே செய்யப்பட்டதும்தான்.

இந்த வரிசையில் சரிபாருங்கள்.

1. செட்டாப் பாக்ஸின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கேபிள் செருகியிருந்தால் பிடுங்கிவிட்டு எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள். அந்த மூன்று முனை வழியாக எச்டி வரவே வராது. பாக்ஸ் எச்டியாக இருந்தும் பழைய டிவியின் கேபிளையே மாட்டிவிட்டுப் போவது இன்றும் நடக்கிறது.

2. பாக்ஸின் மெனுவில் வீடியோ அவுட்புட்டை ‘1080i’ என்பதற்கு மாற்றுங்கள். பல பாக்ஸ்கள் 576 அல்லது 720இல் நிற்கும். படத்தின் அளவு 16:9.

3. எச்டி சேனலுக்குத் தனி எண், தனிக் கட்டணம். சேனல் பெயரின் இறுதியில் எச்டி இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது சாதாரண சேனல்.

4. செய்திப் பட்டையின் ஓர எழுத்து வெட்டுப்பட்டால் டிவி படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை நறுக்குகிறது. எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ என்று இருப்பதை இயக்குங்கள். புள்ளிக்குப் புள்ளி காட்டத் தொடங்கியதும் தெளிவும் கூடும்.

5. இணையத்தில் பார்ப்பவர் திட்டத்தைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸில் 4கே பிரீமியம் திட்டத்தில் மட்டும். வேகமும் 15 எம்பிபிஎஸ் வேண்டும். ஃபுல் எச்டிக்கு 5 போதும். நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பான வைட்வைன் எல்1 சான்று இல்லாத மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸில் பல செயலிகள் 480ஐத் தாண்டாது. யூடியூபில் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ போட்டால் அந்த நொடி வரும் அளவு எண்ணாகத் தெரியும்.

6. கேம் கன்சோல் 4கேயில் எச்டிஆர் காட்ட மறுத்தால், டிவியின் எச்டிஎம்ஐ அமைப்பில் சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘டீப் கலர்’ அணைந்திருக்கும்.

ரிமோட்டைக் கையில் எடுத்து

விவிட் மோடை விட்டு மூவி, சினிமா அல்லது ஃபிலிம்மேக்கருக்கு வாருங்கள். முதல் நாள் படம் மஞ்சளடித்ததாகத் தோன்றும். கடையில் பார்த்த வெள்ளை நீலம் கலந்தது. படத்தைத் தயாரிப்பவர்கள் வைத்துப் பார்க்கும் வெள்ளை 6500 கெல்வின், டிவியில் அதற்கு மிக அருகே இருப்பது ‘வார்ம்’. இரண்டு மூன்று நாளில் கண் பழகிவிடும். அதன்பிறகு பழைய மோடுக்குப் போனால் முகங்கள் வெளிறித் தெரிவதை நீங்களே காண்பீர்கள்.

மின்சேமிப்பு, சுற்று வெளிச்சம் அறியும் சென்சார் இரண்டையும் அணையுங்கள். காட்சிக்கு நடுவே வெளிச்சம் ஏறி இறங்குவதன் காரணம் அவைதான். பிறகு பேக்லைட்டை அறைக்கு ஏற்ப வையுங்கள்: பகலுக்கு அதிகம், இரவுக்குக் குறைவு. பிரைட்னஸ் என்ற பெயரில் ஒரு குழப்பம் உண்டு. பல டிவிகளில் அது கறுப்பின் அளவை மாற்றும். சோனியில் அதுவே பின்விளக்கு, கறுப்புக்கு ‘பிளாக் லெவல்’ தனியாக இருக்கும். கறுப்பைச் சரிசெய்ய, இரவுக் காட்சியில் கறுத்த தலைமுடியைப் பாருங்கள். இழைகள் ஒட்டிக் கறுப்புக் கட்டியாகத் தெரிந்தால் ஒவ்வொரு எண்ணாகக் கூட்டுங்கள். முடி சாம்பலாகத் தொடங்கும் இடத்தில் ஓர் எண் பின்வாங்கி நிறுத்துங்கள். கான்ட்ராஸ்டுக்கு வெள்ளை வேட்டி நல்ல அளவுகோல்: மடிப்பு மறைந்தால் குறையுங்கள். பெரும்பாலும் 85, 90 பக்கம் நிற்கும்.

ஷார்ப்னஸ் படத்துக்குத் தெளிவைத் தராது. விளிம்பில் வெள்ளைக் கோடு வரையும். சேனல் எழுத்துகளைச் சுற்றி அந்தக் கோடு மறையும்வரை இறக்குங்கள். சோனியில் நடுநிலை 50. பல டிவிகளில் பூஜ்யத்தை ஒட்டி வரும். நாய்ஸ் ரிடக்‌ஷன் எச்டிக்கு வேண்டாம், தோலின் நயத்தையும் சேர்த்து அழித்துவிடும். சாதாரண சேனலுக்கு ‘லோ’ வைக்கலாம்.

சினிமா சீரியல் போல் வழுக்கிக்கொண்டு ஓடினால், டிவி இல்லாத சட்டங்களை இடையே செய்து சேர்க்கிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர். சினிமாவுக்கு அணையுங்கள். கிரிக்கெட்டுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டால் பந்தைப் பின்தொடரத் தோதாக இருக்கும்.

ஓஎல்இடி எடுத்தவர்களுக்கு ஒன்று. சில மணி நேரம் ஓடிய பிறகு, ரிமோட்டில் அணைத்ததும் டிவி உள்ளுக்குள் சில நிமிடம் புள்ளிகளைச் சரிசெய்துகொள்ளும். தடம் பதியாமல் காப்பது அந்த வேலைதான். அதற்குச் சுவரில் மின்சாரம் இருக்க வேண்டும். இரவு படுக்கப் போகுமுன் சுவர் சுவிட்சை அணைப்பது நம் வீடுகளின் வழக்கம். ரிமோட்டில் அணைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அதைச் செய்யுங்கள்.